கையெழுத்துப் போட்டுவிட்டால் டாக்டரைக் கேள்வி கேட்க முடியாதா?

கேள்வி: ஐயா, எங்கள் இரண்டு வயது பூனை மூன்றாவது மாடி பால்கனியிலிருந்து விழுந்து பின்னங்கால் உடைந்துவிட்டது. பக்கத்தில் இருந்த தனியார் கிளினிக்குக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். காலுக்கு மட்டும் எக்ஸ்ரே எடுத்து, பிளேட் வைக்க வேண்டும் என்று அன்று மாலையே ஆபரேஷனுக்கு எடுத்தார்கள். மயக்க ஊசி போட்ட கொஞ்ச நேரத்தில் மூச்சு நின்றுவிட்டதாம். மீதிப் பணம் 14,000 ரூபாயைக் கட்டிய பிறகுதான் உடலைக் கொடுத்தார்கள், பில் தரவில்லை. மறுநாள் அடக்கம் செய்துவிட்டோம். ‘எது நடந்தாலும் நிர்வாகம் பொறுப்பல்ல’ என்ற தாளில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். நெஞ்சுக்கும் எக்ஸ்ரே எடுத்திருக்க வேண்டும் என்கிறார் இன்னொரு டாக்டர். வழக்குப் போடலாமா? தெருவில் கிடந்த குட்டியை எடுத்து வளர்த்தது, அதற்கெல்லாம் கோர்ட்டில் மதிப்பு உண்டா?
– வாசகி, திருச்சி

பதில்: போடலாம். அந்தத் தாளைப் பார்த்துப் பயப்படாதீர்கள். ஆபரேஷன் என்றால் ஆபத்து உண்டு, அது தெரிந்துதான் சம்மதிக்கிறேன் என்பதற்குத்தான் உங்கள் கையெழுத்து. கவனக்குறைவாக வேலை செய்யலாம் என்று யாரும் யாருக்கும் அனுமதி எழுதிக் கொடுக்க முடியாது, கொடுத்தாலும் சட்டத்தின் முன் அது நிற்காது. அப்புறம், என்ன ஆபத்து என்று உங்களிடம் வாய்விட்டுச் சொன்னார்களா, இல்லை கவுன்டரில் பேனாவை நீட்டி ‘இங்க ஒரு சைன்’ என்றார்களா? பெரும்பாலும் இரண்டாவதுதான் நடக்கிறது. சம்மதம் என்றால் விவரம் தெரிந்து கொடுப்பது என்று மனிதர்களுக்கான சிகிச்சையில் சமீரா கோலி வழக்கில் 2008லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது, அந்த வாதத்தை இங்கேயும் தாராளமாக வைக்கலாம்.

ஆனால் பூனை இறந்தது என்பது மட்டுமே வழக்கு ஆகாது. நல்ல டாக்டர் கையிலும் மயக்கத்தில் உயிர் போவது உண்டு. ஜேக்கப் மேத்யூ வழக்கில் 2005ல் உச்ச நீதிமன்றம் வகுத்த அளவுகோல்தான் இன்றைக்கும் அடிப்படை: அதே துறையில் உள்ள ஓரளவு திறமையான டாக்டர் செய்திருக்கக்கூடியதை இவர் செய்தாரா? உங்கள் விஷயத்தில் இந்தக் கேள்வி நேராக அந்த எடுக்காத எக்ஸ்ரேயில் போய் நிற்கிறது. உயரத்திலிருந்து விழுந்த பூனைக்கு நம் கண்ணில் படுவது கால் முறிவு. கண்ணில் படாமல் நுரையீரல் நசுங்கியிருக்கலாம், நெஞ்சுக்குள் காற்று கசிந்திருக்கலாம், நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானம் என்ற தசை கிழிந்து குடல் மேலே ஏறியிருக்கலாம். விழித்திருக்கும்போது பூனை எப்படியோ சமாளித்து மூச்சு விட்டுக்கொண்டிருக்கும், மயக்கம் கொடுத்து மல்லாக்கப் படுக்க வைத்ததும் அந்தச் சமாளிப்பு போய்விடும். அதனால்தான் முதலில் மூச்சையும் ரத்த ஓட்டத்தையும் நிலைப்படுத்தி, நெஞ்சைப் பார்த்துவிட்டு, எலும்புக்கு அப்புறம் வருவார்கள். சாதாரண முறிவுக்கு பிளேட் வைப்பது ஓரிரு நாள் பொறுக்கும். அன்று மாலையே என்ன அவசரம் என்பதற்கு அவர்கள்தான் பதில் சொல்ல வேண்டும். ‘செலவாகும் என்று அவர்களே வேண்டாம் என்றார்கள்’ என்று சொல்லக்கூடும், அப்படி ஏதாவது பேச்சு நடந்ததா என்று இப்போதே யோசித்து வையுங்கள்.

இந்த விஷயத்தை நீங்களும் நானும் சொல்லிப் பயனில்லை. உங்களிடம் சொன்ன டாக்டர் லெட்டர்ஹெட்டில் எழுதித் தர வேண்டும், முடிந்தால் பிரமாணப் பத்திரமாக. அங்கேதான் பாதிப் பேர் பின்வாங்குவார்கள். ஒரே ஊர், ஒரே தொழில். அவர் மறுத்தால் கால்நடை மருத்துவக் கல்லூரியில் அறுவை சிகிச்சைத் துறையில் கேட்டுப் பாருங்கள், உங்களுக்கு ஒரத்தநாடும் நாமக்கல்லும் பக்கம். எல்லா வழக்கிலும் நிபுணர் கருத்து கட்டாயமில்லை என்று கிஷன் ராவ் வழக்கில் 2010ல் தீர்ப்பு இருந்தாலும், அதை மட்டும் நம்பி இறங்க நான் சொல்ல மாட்டேன். ஏனென்றால் உங்களிடம் பிரேதப் பரிசோதனை அறிக்கை இல்லை. புதைத்துவிட்டீர்கள், நம் ஊர் வெயிலுக்கு இனி தோண்டி எடுத்தும் பயனில்லை. (இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு: சந்தேகம் இருந்தால் உடலை ஐஸ் வைத்துக் குளிர்ச்சியாக வைத்து அன்றே கல்லூரிக்குக் கொண்டு போங்கள், ஃப்ரீசரில் உறைய வைத்தால் திசுப் பரிசோதனை கெட்டுவிடும்.)

இன்றே செய்ய வேண்டியது, நடந்ததை நேரத்தோடு எழுதி வைப்பது. எத்தனை மணிக்குப் போனீர்கள், பூனை வாயைத் திறந்து மூச்சு வாங்கியதா, மயக்க ஊசி போட்டது டாக்டரா உதவியாளரா. கடைசிக் கேள்வி முக்கியம். 1984ஆம் ஆண்டு இந்தியக் கால்நடை மருத்துவக் கவுன்சில் சட்டத்தின் 30ஆவது பிரிவுப்படி பதிவு பெற்றவர் மட்டுமே மருத்துவம் பார்க்கலாம். மற்றவர்களுக்குச் சின்னச் சின்ன வேலைகளுக்குத்தான், அதுவும் மேற்பார்வையில்தான் இடம். ஜிபே ரசீது, வாட்ஸ்அப்பில் வந்த எக்ஸ்ரே படம், எதையும் அழிக்காதீர்கள். பில் தராதது தனியாகவே நியாயமற்ற வணிக நடைமுறை.

உடலைப் பிடித்து வைத்தது கோபம் வரும் விஷயம்தான், ஆனால் சட்டம் நீங்கள் நினைப்பதுபோல அவ்வளவு நேர் இல்லை. 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 170ஆவது பிரிவு, ஒப்படைத்த பொருளில் திறமையைச் செலுத்தி வேலை செய்தவர் கூலி வரும்வரை அதை வைத்துக்கொள்ளலாம் என்கிறது. சட்டத்தின் கண்ணில் உங்கள் பூனை இன்னும் ‘பொருள்’தான். ஆனால் ஒப்படைத்த நோக்கப்படி வேலை நடந்திருக்க வேண்டும் என்றும் அதே பிரிவு சொல்கிறது. நாம் அதைப் பிடித்துக்கொள்ளலாம்.

போலீஸுக்குப் போகாதீர்கள். பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் விலங்கைக் கொல்வது பற்றிய 325ஆவது பிரிவுக்கு, கெடுதல் செய்யும் எண்ணமோ அது நேரும் என்ற அறிவோ வேண்டும், இங்கே அது இல்லை. மாநிலக் கால்நடை மருத்துவக் கவுன்சிலில் புகார் கொடுக்கலாம், அது டாக்டரின் பதிவைப் பற்றியது, உங்களுக்கு ஒரு ரூபாய் வராது. பணம் வேண்டும் என்றால் திருச்சி மாவட்ட நுகர்வோர் ஆணையம்தான். 2 ஆண்டுக்குள் போட வேண்டும், நீங்கள் கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் கிடையாது, வக்கீல்கூடக் கட்டாயம் இல்லை. அரசு மருத்துவமனையில் இலவசமாகப் பார்த்திருந்தால் இந்த வழி கிடைத்திருக்காது.

தெருப்பூனை என்பதால் வாங்கிய விலை என்று கேட்க எதுவும் இல்லை. சிகிச்சைச் செலவு, மன உளைச்சல், வழக்குச் செலவு, இந்த மூன்றையும் கேளுங்கள். 50 லட்சம் என்று போட்டு ஆணையத்தைச் சிரிக்க வைக்காதீர்கள். அதுவரை ‘கொலைகார டாக்டர்’ என்று ஃபேஸ்புக்கில் எழுதவும் வேண்டாம், அவதூறு வழக்கு உங்கள் மேல் திரும்பும்.

முதல் வேலையாக அந்தக் கிளினிக்குக்கு, போய்ச் சேர்ந்ததற்கான சான்றோடு ஸ்பீட் போஸ்டில் ஒரு கடிதம் அனுப்புங்கள்: கேஸ் ஷீட், மயக்க மருந்தின் பெயரும் அளவும், எக்ஸ்ரே, பில், அன்றைய சிசிடிவி பதிவு, எல்லாம் 15 நாளில் வேண்டும் என்று. சிசிடிவி நாளாக நாளாக அழிந்துவிடும், அதனால் இந்த வாரமே போகட்டும். தரவில்லை என்றால் சரி, நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 38ஆவது பிரிவில் ஆணையத்துக்கு ஆவணங்களை வரவழைக்கும் அதிகாரம் இருக்கிறது. கேட்டும் கொடுக்கவில்லை என்பதைப் புகாரில் தனிப் பத்தியாகவே எழுதிவிடலாம்.