வாவிக்கு அக்கரையிலிருந்து வந்த கேள்விகள்: ஒரு மருத்துவிச்சியின் பதில்கள்

மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் 26 வருடம் குடும்பநல உத்தியோகத்தராக, ஊர்ப் பேச்சில் மருத்துவிச்சியாக, வேலை செய்து ஓய்வு பெற்றவள் நான். மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கமிருந்து வந்த கேள்விகளில் எனக்குத் தெரிந்தவற்றுக்குப் பதில் எழுதுகிறேன். ஆளைப் பார்க்காமல் மருந்து சொல்ல மாட்டேன். எங்கே போவது, போய் என்ன கேட்பது என்பதைச் சொல்கிறேன்.

மண்டூரிலிருந்து ஒரு அம்மம்மா: மகள் குவைத்தில். பேத்தி என்னிடம், இரண்டரை வயது. பதினெட்டு மாதத்து ஊசி போடவில்லை. ஊசியும் நிறையும் பதிகிற கிளினிக் கொப்பியும் வெள்ளத்தில் போய்விட்டது. ஏசுவார்களோ என்று போகாமல் இருக்கிறேன்.

அக்கா, அடுத்த கிளினிக் நாளுக்கே போங்கள். ஒரு ஊசி விடுபட்டது என்று முதலிலிருந்து எல்லாவற்றையும் திரும்பப் போட மாட்டார்கள். விட்ட இடத்திலிருந்து தொடர்வார்கள். பதினெட்டு மாதத்துக்கு உரியது முக்கூட்டு ஊசியும் (தொண்டைக் கரப்பான், கக்குவான், ஏற்புவலிக்கானது) போலியோச் சொட்டும். மூன்று வயதில் எம்எம்ஆர் (சின்னமுத்து, கூகைக்கட்டு, ருபெல்லா ஊசி) இரண்டாவது முறை வருகிறது, அதையும் இப்போதே மனதில் வையுங்கள். தாய் கூட வரவேண்டும் என்றில்லை, நீங்கள் தூக்கிக்கொண்டு போனால் போதும்.

கொப்பிக்குக் கவலைப்படாதீர்கள். பிள்ளைக்குப் போட்ட ஊசி விபரம் கிளினிக் பதிவிலும் இருக்கும். அதைப் பார்த்து, பெண் பிள்ளைகளுக்குரிய புதிய ரோஸ் நிறக் கொப்பியில் எழுதித் தருவார்கள். 2011 ஜனவரி வெள்ளத்தில் ஒரு பாட்டி தன் பேரனின் கொப்பியை, ஆண் பிள்ளைகளுக்குரிய நீலக் கொப்பியை, சொப்பிங் பேக்கில் சுற்றி, கூரை வளையில் கட்டித் தொங்கவிட்டிருந்தார். பாய், அரிசி, அடுப்பு எல்லாம் நனைந்து கிடந்த வீட்டில் அந்தக் கொப்பியில் மட்டும் ஒரு துளி படவில்லை. புதுக் கொப்பி கிடைத்ததும் நீங்களும் அப்படிச் செய்யுங்கள்.

ஏசினால் என்ன செய்வது? ஏசுவது பிழை, அதை ஒளிக்காமல் சொல்கிறேன். ஏச்சுக்குப் பயந்து வராமல் விட்ட தாய்மாரைத் தேடி எத்தனையோ படலைகளில் நின்றிருக்கிறேன். ஒரு சொல் பட்டாலும் பிள்ளைக்காகப் பொறுத்துக்கொண்டு ஊசியைப் போட்டுவிட்டு வாருங்கள். அப்புறம் அங்குள்ள சுகாதார வைத்திய அதிகாரியிடம் நடந்ததைச் சொல்லுங்கள். இரண்டு வயது வரை மாதம் ஒருமுறை, பிறகு ஐந்து வயது வரை மூன்று மாதத்துக்கு ஒருமுறை நிறை பார்க்க வேண்டும். அதையும் அன்றே பார்த்துவிடலாம்.

வெல்லாவெளியிலிருந்து ஒரு தம்பி: யானைக் காவலுக்கு வயல் குடிசையில், வாடியில், படுக்கிறோம். பாம்பு கடித்தால் முதலில் விஷகடி வைத்தியரிடம் போவதா, ஆஸ்பத்திரிக்கா?

ஆஸ்பத்திரிக்கு, தம்பி. இதில் இரண்டாவது யோசனையே வேண்டாம். பாம்பு விஷத்தை முறிக்கும் ஊசி மருந்து அங்கேதான் இருக்கிறது, அதுவும் இலவசம். இறுக்கிக் கட்டாதீர்கள், கீறாதீர்கள், வாயால் உறிஞ்சாதீர்கள். கடிபட்டவரை நடக்கவோ ஓடவோ விடக்கூடாது. 1990 என்ற இலக்கத்துக்கு அடித்தால் சுவசெரிய அம்புலன்ஸ் காசில்லாமல் வரும். வயல் வரம்புக்கு அது வராதென்றால், மோட்டார் சைக்கிளில் இருவருக்கு நடுவே இருத்தி, வாகனம் வரக்கூடிய இடத்துக்குக் கொண்டு வாருங்கள். பாம்பைத் தேடி அடிக்க நேரம் செலவழிக்க வேண்டாம்.

ஆஸ்பத்திரியில் உடனே மருந்து ஏற்றவில்லை என்று கோபித்துக்கொண்டு கிளம்பி வருகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். இரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து 20 நிமிடம் அசையாமல் வைத்து, உறைகிறதா என்று பார்ப்பார்கள். கண்ணாடி விரியன் விஷம் ஏறியிருந்தால் அது உறையாது. எல்லாக் கடியிலும் விஷம் ஏறுவதில்லை, அந்த மருந்தே சிலருக்கு ஒத்துக்கொள்ளாமல் போவதும் உண்டு. அதனால்தான் பார்த்துக் கொடுக்கிறார்கள். சும்மா வைத்திருக்கிறார்கள் என்று நினைத்து ஆளைக் கூட்டிக்கொண்டு வந்துவிடாதீர்கள்.

எனக்கு அதிகம் பயம் கட்டுவிரியனில்தான். நிலத்தில் படுத்துத் தூங்குகிறவரை இரவில் வந்து கடிக்கும். வலியும் பெரிதாகத் தெரியாது, பல் பட்ட அடையாளமும் தெரியாது. விடியப் புறத்தில் வயிற்று வலி என்பார், பிறகு கண் இமை தூக்க முடியாமல் விழும், பேச்சு குழறும். வாடியில் படுத்தவருக்கு இப்படி ஏதும் கண்டால் வயிற்றுக் குத்து என்று கசாயம் கொடுத்துக்கொண்டிருக்காமல் கிளம்புங்கள். மூச்சு நிற்குமுன் கொண்டுபோய்ச் சேர்த்தால் மெஷினில் மூச்சு கொடுத்துக் காப்பாற்றலாம். பரண் கட்டியோ கட்டில் போட்டோ படுங்கள், நுளம்பு வலையின் ஓரத்தைப் பாய்க்கு அடியில் செருகுங்கள்.

கொக்கட்டிச்சோலையிலிருந்து ஒரு தங்கச்சி: கர்ப்பிணி. கிளினிக்கில் திரிபோஷா சத்துமா இரண்டு பக்கெட் தருகிறார்கள். வீட்டில் மூன்று பிள்ளைகளும் கேட்கிறார்கள், எப்படிக் கொடுக்காமல் இருப்பது?

கேட்கும்போது மனம் தாங்காதுதான். ஆனால் கணக்கைப் பாருங்கள்: ஒரு பக்கெட் 750 கிராம், உங்களுக்கு ஒரு நாளைக்கு 50 கிராம். இரண்டு பக்கெட்டும் சரியாக ஒரு மாதத்துக்குத்தான் காணும். அது மருந்து மாதிரி உங்களுக்கென்று எழுதித் தந்தது. பிள்ளைகளில் யாராவது நிறை குறைவென்றால், ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைக்குத் தனியாகக் கேட்டு வாங்குங்கள். ஏற்கனவே வெந்த மா அது, அவிக்கத் தேவையில்லை. தேங்காய்ப்பூவும் சீனியும் சேர்த்துப் பிசைந்து உருண்டை பிடித்தால் சாப்பிட லேசாக இருக்கும்.

மருதமுனையிலிருந்து ஒரு மகன்: உம்மாவுக்குச் சீனி வருத்தம். கிளினிக்கில் ஒரு குளிசை இல்லை, வெளியில் வாங்கச் சொன்னார்கள். காசில்லாததால் நிறுத்திவிட்டார்.

நிறுத்த விடாதீர்கள், மகன். இல்லாத குளிசைக்குப் பதிலாக ஆஸ்பத்திரியில் இருக்கிற எதையாவது மாற்றித் தர முடியுமா என்று டொக்டரிடம் நேராகக் கேளுங்கள். பல வேளை முடியும், ஆனால் கேட்டால்தான் மாற்றுவார்கள். வெளியில் வாங்கத்தான் வேண்டுமென்றால், கம்பெனிப் பெயரை விட்டு மருந்தின் பெயரையே எழுதித் தரச் சொல்லுங்கள். பாமசியில் அதே மருந்து குறைந்த விலையில் கிடைக்கும். உம்மாவின் பாதத்தைத் தினமும் வெளிச்சத்தில் பாருங்கள், விரல் இடுக்கையும் சேர்த்து.

திருக்கோவிலிலிருந்து: அப்பாவைக் கண்டிக்கு மாற்றுகிறார்கள். எங்களுக்குச் சிங்களம் தெரியாது.

மாற்றும் கடிதம், ஸ்கேன், குளிசை மட்டைகள் எல்லாம் ஒரே பையில் உங்கள் கையில் இருக்கட்டும். ஒத்துக்கொள்ளாத மருந்து இருந்தால் அதன் பெயரை ஒரு தாளில் மூன்று மொழியிலும் எழுதுவித்து மேலே வையுங்கள். ஒப்பரேஷனுக்குக் கையெழுத்துக் கேட்டால், தமிழ் தெரிந்த ஒருவர் விளக்கிய பிறகு போடுகிறோம் என்று சொல்லுங்கள். 1987இல் வந்த 13ஆம் திருத்தத்தின்படி தமிழும் அரச கரும மொழிதான். வார்டில் தமிழ் தெரிந்த நேர்ஸ் ஒருவராவது இருக்கக்கூடும், வெட்கப்படாமல் விசாரியுங்கள்.

வவுணதீவிலிருந்து: எங்கள் கிராமத்துக்கு மருத்துவிச்சி இல்லாமல் ஆறு மாதம் ஆகிறது.

பக்கத்துப் பகுதி மருத்துவிச்சி பதில் கடமை பார்ப்பார். அவர் யார், எந்த நாள் வருவார் என்று சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் கேட்டு, கர்ப்பிணிகள் எட்டு வாரத்துக்குள் பெயரைப் பதியுங்கள். நானும் இரண்டு பகுதி பார்த்திருக்கிறேன். எவ்வளவு ஓடினாலும் பிரசவித்த வீட்டுக்குப் பத்து நாளுக்குள் இரண்டு முறை போவது முடியாமல் போகும். அதனால் ஆள் கேட்டுக் கடிதம் எழுதுங்கள். எத்தனை கர்ப்பிணிகள், ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள் எத்தனை பேர் என்று வீடு வீடாக எண்ணி அதில் போடுங்கள். எண்ணிக்கை இல்லாத கடிதம் ஃபைலுக்குள் படுத்துவிடும்.