சிடி பிளேயர் 'நோ டிஸ்க்' என்கிறது: புது லேசர் வாங்கலாமா?

கேள்வி: என்னிடம் 1990-களில் வந்த சிடி பிளேயர் இருக்கிறது. கம்பெனி சிடி போட்டால் பாடுகிறது. கணினியில் பதிவு செய்த சிடி போட்டால் 'நோ டிஸ்க்' என்கிறது. லேசர் போய்விட்டது, மாற்ற வேண்டும் என்கிறார் மெக்கானிக். இணையத்தில் ஒரே எண்ணுள்ள லேசர் மலிவாகவும் கிடைக்கிறது, பல மடங்கு விலையிலும் கிடைக்கிறது. எதை வாங்குவது? நானே மாட்டலாமா?

பதில்: மெக்கானிக் சொல்வது சரியாக இருக்கலாம். கம்பெனி சிடியைவிடப் பதிவு செய்த சிடி ஒளியைக் குறைவாகத்தான் திருப்பி அனுப்பும். லேசர் தளர ஆரம்பித்தால் முதலில் அடிவாங்குவது அந்த சிடிதான். ஆனால் லென்ஸில் தூசி படிந்தாலும் இதே கதைதான். ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் லேசாக நனைத்த காது குடையும் பஞ்சுக் குச்சியால் லென்ஸை மெல்லத் துடைத்துப் பாருங்கள். அழுத்த வேண்டாம், அது மெல்லிய பிடிப்பில் தொங்குகிற பொருள். முதல் பாட்டுகள் ஒழுங்காகப் பாடி, கடைசிப் பாட்டுகளில் தாவினால் உடனே லேசரைக் குறை சொல்லாதீர்கள். அது நகரும் தண்டில் கிரீஸ் இறுகியிருக்கலாம்.

லேசரிலுள்ள சின்னத் திருகைத் திருகி 'பவர் ஏற்றித் தருகிறேன்' என்று யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள். கொஞ்ச நாள் பாடும், பிறகு இருக்கிற உயிரும் போய்விடும்.

துடைத்தும் சரியாகவில்லையென்றால் வாங்கலாம். பிளேயரின் மாடலை வைத்துத் தேடாமல், திறந்து லேசரின் மேலேயே அச்சிட்டிருக்கும் எண்ணைப் பாருங்கள். சோனியின் கேஎஸ்எஸ்-240ஏ வேறு கம்பெனி பிளேயர்களிலும் இருக்கும். சான்யோவின் எஸ்எஃப்-பி101என் என்றால் கேபிள் செருகுமிடத்தில் 15 முனை (பின்) உள்ளது, 16 முனை உள்ளது என இரண்டு வகை உண்டு. முனைகளை எண்ணிப் பார்க்காமல் ஆர்டர் போடாதீர்கள். பிலிப்ஸின் சிடிஎம்-4 போன்ற பழைய வகை, அதாவது லேசர் தண்டில் நகராமல் ஒரு கையின் நுனியில் ஆடும் வகை என்றால், கெட்டுப்போன இன்னொரு பிளேயரைத் தேடி அதிலிருந்து எடுப்பதுதான் வழி.

இனி விலை. 'ஒரிஜினல்' என்று விற்கப்படுபவற்றில் பல, பிற்காலத்து நகல்களே. நகலென்றாலே மோசம் என்று சொல்ல மாட்டேன், நன்றாக ஓடுபவையும் உண்டு. அதிக விலை மட்டும் உத்தரவாதம் ஆகாது. நான் பார்ப்பது திருப்பி எடுக்கும் நிபந்தனையை. புது லேசரின் பலகையில் இரண்டு புள்ளிகளைச் சேர்த்து ஒரு பொட்டு ஈயம் வைத்திருப்பார்கள். உடலில் சேரும் நிலைமின்சாரம், லேசர் ஒளியைத் தரும் டயோடைக் கொல்லாமலிருக்க அந்த ஏற்பாடு. ஈயத்தை எடுக்காமல் லேசர் எரியாது, சோதிக்கவும் முடியாது. எடுத்துவிட்டாலோ, 'பயன்படுத்திய பொருள்' என்று சொல்லித் திருப்பி வாங்க மறுக்க விற்பவருக்கு வழி கிடைத்துவிடும். ஆகவே வாங்குமுன்பே கேளுங்கள்: 'ஈயத்தை எடுத்தபின் வேலை செய்யாவிட்டால் பணம் வருமா?' பதிலை எழுத்தில் வாங்கி வையுங்கள். மழுப்புகிறவரிடம் மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். இருபுறமும் எடுத்த படம் கேளுங்கள்; ஈயம் எடுத்த தடம் தெரிந்தால் அது எங்கிருந்தோ கழற்றியதாக இருக்கலாம்.

சால்டரிங் பழகியவர் என்றால் நீங்களே மாட்டலாம். எர்த் செய்த மணிக்கட்டுப் பட்டை கட்டிக்கொண்டு, முதலில் கேபிளைச் செருகி, அதன்பிறகே ஈயத்தை எடுக்க வேண்டும். முறை மாறினால் புது லேசர் மாட்டும்போதே போகலாம். மூடியைத் திறந்து ஓட்டும்போது லென்ஸை நேராகக் குனிந்து பார்க்காதீர்கள். 780 நானோமீட்டர் ஒளி கண்ணுக்குச் சரியாகத் தெரியாது, ஆனால் கண்ணைக் கெடுக்கும்.

பல பழைய பிளேயர்களில் ஃபோகஸ் (ஒளியைக் குவிப்பது), டிராக்கிங் (சிடியின் தடத்தைப் பின்தொடர்வது) திருகுகளையும் புது லேசருக்கேற்ப சர்வீஸ் மேனுவல்படி சரிசெய்ய வேண்டியிருக்கும். தொடுமுன் அவை நிற்கும் இடத்தைப் பேனாவால் குறித்துக்கொள்ளுங்கள். அலைக்காட்டி (மின் அலையைத் திரையில் காட்டும் ஆசிலோஸ்கோப்) இல்லாமல் இதில் இறங்குவது வீண் வேலை, இந்தக் கட்டத்தில் மெக்கானிக்குக்குக் கொடுக்கும் கூலி நியாயமானதே. பழைய லேசரைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். புதியது அதைவிட மோசமாக இருந்தால் இதையே திரும்ப மாட்டிக்கொண்டு, பணத்தைத் திருப்பிக் கேட்கலாம்.