மசோதாவைக் கிடப்பில் போட யாருக்கு அதிகாரம்? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி (வாசகர், மன்னார்குடி): சட்டமன்றத்தில் மசோதா நிறைவேறியது என்று செய்தி வருகிறது. அதன்பின் ஆண்டுக்கணக்கில் அது சட்டமாவதே இல்லை. வாக்களித்து நாம் அனுப்பியவர்கள் நிறைவேற்றியதை, நியமனத்தில் வந்த ஒருவர் இப்படி நிறுத்திவைக்க அரசியல் சட்டம் இடம் தருகிறதா?

பதில்: இடம் தரவில்லை என்பதே என் உறுதியான கருத்து. அரசியல் சட்டத்தின் 200-ஆவது பிரிவின்படி, தம்மிடம் வரும் மசோதாவுக்கு ஆளுநர் ஒப்புதல் தரலாம், ஒப்புதலை நிறுத்திவைக்கலாம், அல்லது குடியரசுத் தலைவரின் பரிசீலனைக்கு ஒதுக்கலாம். பண மசோதா அல்லாத ஒன்றை மறுபரிசீலனை செய்யுமாறு கூறி 'கூடிய விரைவில்' சட்டமன்றத்துக்குத் திருப்பி அனுப்பலாம். சட்டமன்றம் அதைத் திருத்தியோ திருத்தாமலோ மீண்டும் நிறைவேற்றி அனுப்பினால் ஒப்புதலை மறுக்கக் கூடாது. பிரிட்டிஷ் ஆட்சிக்காலத்து 1935-ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டம், மசோதாவைத் திருப்பி அனுப்பும் முடிவை ஆளுநரின் சொந்த விருப்புரிமைக்கு விட்டிருந்தது. குடியரசின் அரசியல் சட்டத்தை எழுதியவர்கள் அந்த வாசகத்தை 200-ஆவது பிரிவில் சேர்க்கவில்லை.

ஒன்றும் செய்யாமல் கோப்பை வைத்துக்கொள்ளலாம் என்று அந்தப் பிரிவின் எந்த வரியும் கூறவில்லை. ஆனால் நடைமுறையில் அதுவே ஆளுநர்கள் கையில் மிக வலிமையான ஆயுதமாகிவிட்டது, ஏனெனில் திருப்பி அனுப்பினால் காரணத்தை எழுத வேண்டும், அதற்குச் சட்டமன்றம் பதில் சொல்லிவிடும். பேசாமல் வைத்திருந்தால் விவாதிப்பதற்கே எதுவும் இருக்காது. தமிழ்நாட்டில் 2020 ஜனவரி முதல் 2023 ஏப்ரல் வரை அனுப்பப்பட்ட 12 மசோதாக்கள் இப்படித்தான் தேங்கின. அவற்றில் முதலில் அனுப்பப்பட்டவை அ.தி.மு.க. ஆட்சியிலும் பன்வாரிலால் புரோஹித் ஆளுநராக இருந்த காலத்திலும் சென்றவை என்பதை, இதை ஒரு கட்சியின் புகாராக மட்டும் பார்ப்பவர்கள் கவனிக்க வேண்டும். 2023 அக்டோபர் 31 அன்று மாநில அரசு உச்ச நீதிமன்றத்தை நாடியது. இரண்டே வாரங்களில், நவம்பர் 13 அன்று, ஆளுநர் ஆர்.என்.ரவி 10 மசோதாக்களுக்கு ஒப்புதலை நிறுத்திவைப்பதாகத் தெரிவித்தார். நவம்பர் 18 அன்று சிறப்புக் கூட்டத்தைக் கூட்டிச் சட்டமன்றம் பத்தையும் மீண்டும் நிறைவேற்றியது; இம்முறை மறுக்க வழியில்லாத நிலையில், நவம்பர் 28 அன்று அவை அனைத்தும் குடியரசுத் தலைவருக்கு ஒதுக்கப்பட்டன. மூன்று ஆண்டுகளுக்கு மேல் எடுக்க முடியாத முடிவு, வழக்கு வந்தவுடன் இரண்டு வாரத்தில் எடுக்க முடிந்தது என்றால், தாமதத்துக்கு ஆழ்ந்த பரிசீலனை காரணம் என்று நான் நம்பத் தயாராக இல்லை.

கேள்வி (வாசகர், நாகர்கோவில்): சட்டமன்றப் பெரும்பான்மை இருக்கிறது என்பதற்காக ஒரு மாநில அரசு எதையும் சட்டமாக்கிவிடலாமா? அந்த மசோதாக்களில் பல, துணைவேந்தரை நியமிக்கும் அதிகாரத்தை அரசே எடுத்துக்கொள்வதற்கானவை. அதுவும் அதிகார மீறல்தானே?

பதில்: உங்கள் கவலையில் நியாயம் இருக்கிறது. பல்கலைக்கழகத்தின் உச்சப் பதவியை ஆளுங்கட்சியின் விருப்பத்துக்கு விடுவது கல்விக்கு நல்லதன்று என்று நானும் கருதுகிறேன். ஆனால் அந்த ஆட்சேபத்தை எழுத்தில் வைத்துச் சட்டமன்றத்துக்கு அனுப்பும் வழி ஆளுநருக்குத் திறந்தே இருந்தது. சட்டமான பிறகும் தவறு இருந்தால் நீதிமன்றம் இருக்கிறது. துணைவேந்தர் நியமனம் தொடர்பான திருத்தங்களுக்குச் சென்னை உயர் நீதிமன்றம் 2025 மே 21 அன்று இடைக்காலத் தடை விதித்ததே அதற்குச் சான்று.

இணையவழிச் சூதாட்டத் தடை மசோதாவில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். பணத்தை இழந்தவர்களின் தற்கொலைகள் தொடர்ந்த நிலையில், 2022 அக்டோபரில் அமைச்சரவை கொண்டுவந்த அவசரச் சட்டத்துக்கு ஆளுநர் ஒப்புதல் அளித்தார். அதற்கு மாற்றாக அக்டோபர் 19 அன்று சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதாவுக்கு மட்டும் ஒப்புதல் வரவில்லை. அவசரச் சட்டம் நவம்பர் இறுதியில் காலாவதியானது. 2023 மார்ச்சில், இதை இயற்றச் சட்டமன்றத்துக்கு அதிகாரம் இல்லை என்று கூறி மசோதா திருப்பி அனுப்பப்பட்டது. அந்த மாதமே அது மீண்டும் நிறைவேறியது. ஆளுநர்களுக்குக் காலக்கெடு விதிக்கக் கோரிச் சட்டமன்றம் தீர்மானம் இயற்றிய ஏப்ரல் 10 அன்றே ஒப்புதலும் வந்தது. பின்னர் 2023 நவம்பரில் உயர் நீதிமன்றம் அச்சட்டம் செல்லும் என்று தீர்ப்பளித்து, ரம்மி, போக்கர் ஆட்டங்களை வாய்ப்பு சார்ந்தவையாகச் சேர்த்த பகுதியை மட்டும் நீக்கியது. சட்டத்தின் எந்தப் பகுதி நிற்கும், எது நிற்காது என்பதை இரு தரப்பையும் கேட்டு, காரணம் எழுதி, பகிரங்கமாகத் தீர்மானிக்க ஓர் அமைப்பு இருக்கும்போது, அந்த ஐந்தரை மாதக் காத்திருப்பினால் மக்களுக்குக் கிடைத்த பாதுகாப்பு என்ன என்று எனக்குப் புரியவில்லை.

கேள்வி (வாசகர், தருமபுரி): என் மகள் படிக்கும் பல்கலைக்கழகத்தில் நெடுநாளாகத் துணைவேந்தர் இல்லை. யாரிடம் முறையிடுவது?

பதில்: இந்தக் கேள்விக்கு நேரான பதில் இல்லாமல் போனதுதான் எனக்கு மிகுந்த வேதனை தருகிறது. துணைவேந்தர் பதவிக்குப் பெயர்களைப் பரிந்துரைக்கும் தேடல் குழுவில் பல்கலைக்கழக மானியக் குழுவின் பிரதிநிதி இடம்பெற வேண்டும் என்று வேந்தர் என்ற முறையில் ஆளுநர் வலியுறுத்தினார். மாநிலச் சட்டத்தில் அதற்கு இடமில்லை என்று அரசு மறுத்தது. இந்த இழுபறியில் கோவை பாரதியார் பல்கலைக்கழகத்தில் 2022 அக்டோபரிலும், சென்னைப் பல்கலைக்கழகத்தில் 2023 ஆகஸ்டிலும் காலியான துணைவேந்தர் பதவிகள் ஆண்டுக்கணக்கில் நிரப்பப்படாமல் கிடந்தன. அன்றாட நிர்வாகத்தைக் குழுக்களே கவனித்தன. ஆளுநர் மாளிகை அரசைக் காட்டுகிறது, அரசு ஆளுநர் மாளிகையைக் காட்டுகிறது. தேர்தலில் அரசைத் தண்டிக்கலாம் என்றால், குற்றம் தன்னுடையதல்ல என்று அது வாதிடும்; ஆளுநரைத் தண்டிக்க வாக்காளருக்கு வழியே இல்லை. உங்கள் மகளுக்காக நீங்கள் முறையிட வேண்டியது உயர்கல்வித் துறையிடமும் தொகுதிச் சட்டமன்ற உறுப்பினரிடமும்தான், ஏனெனில் அவர்களாவது உங்களிடம் மீண்டும் வாக்குக் கேட்டு வர வேண்டியவர்கள்.

கேள்வி (வாசகர், சிவகங்கை): 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் கெடு விதித்தது, நவம்பரில் கெடு கூடாது என்றது. அப்படியானால் பழைய நிலைக்கே திரும்பிவிட்டோமா?

பதில்: முழுமையாக அல்ல. ஏப்ரல் 8 அன்று நீதிபதிகள் ஜே.பி.பர்திவாலா, ஆர்.மகாதேவன் அமர்வு, பத்து மசோதாக்களும் ஒப்புதல் பெற்றவையாகவே கருதப்படும் என்று, முழு நீதி வழங்கத் தேவையான உத்தரவிட உச்ச நீதிமன்றத்துக்கு அதிகாரம் தரும் 142-ஆவது பிரிவின்கீழ் அறிவித்து, ஆளுநருக்கும் குடியரசுத் தலைவருக்கும் ஒரு மாதம், மூன்று மாதம் எனக் கெடுக்களையும் வகுத்தது. அடுத்த சில நாட்களில் ஆளுநரின் கையெழுத்து இல்லாமலேயே அவை அரசிதழில் சட்டங்களாக வெளியாயின. மே 13 அன்று குடியரசுத் தலைவர் 14 கேள்விகளை எழுப்பி உச்ச நீதிமன்றத்தின் கருத்தைக் கோரினார். தலைமை நீதிபதி பி.ஆர்.கவாய் தலைமையிலான ஐந்து நீதிபதிகள் அமர்வு நவம்பர் 20 அன்று, அரசியல் சட்டத்தில் இல்லாத கெடுவை நீதிமன்றம் விதிக்க முடியாது, ஒப்புதல் அளித்ததாகக் கருதுவதும் கூடாது என்று கூறியது. ஆனால் திருப்பி அனுப்பாமல் வெறுமனே நிறுத்திவைக்க ஆளுநருக்கு உரிமையில்லை என்றும், காரணமற்ற நெடுந்தாமதம் நேர்ந்தால் முடிவெடுக்குமாறு நீதிமன்றம் உத்தரவிடலாம் என்றும் அதே அமர்வு தெளிவாக்கியது. பிந்தைய இரண்டையும் நான் மனமார வரவேற்கிறேன். 'நெடுந்தாமதம்' எவ்வளவு நாள் என்பதை ஒவ்வொரு முறையும் வழக்காடித்தான் அறிய வேண்டும் என்பது என் குறை.

கேள்வி (வாசகர், திருப்பத்தூர்): இதற்கு நிலையான வழிதான் என்ன?

பதில்: 200-ஆவது பிரிவைத் திருத்திக் கெடுவை எழுதிவிடுவதுதான். ஒன்றிய-மாநில உறவுகளை ஆராய 2007-இல் அமைக்கப்பட்ட பூஞ்சி ஆணையம் 2010-இல் தந்த அறிக்கையிலேயே ஆறு மாதக் கெடுவைப் பரிந்துரைத்தது. திருத்தத்துக்கு நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும். ஆளுநரை நியமிப்பது ஒன்றிய அரசே என்பதால், அதை ஆள்பவர் எவராயினும் இதற்குத் தாமாக முன்வருவது கடினம். ஆகவே நாடாளுமன்றத் தேர்தலில் உங்கள் வேட்பாளரிடம் இதை நேரடியாகக் கேளுங்கள். அதுவரை மாநில அரசுகள் ஒன்றைச் செய்யலாம்: ஆளுநருக்கு அனுப்பிய ஒவ்வொரு மசோதாவின் பெயரையும், அனுப்பிய தேதியையும், இன்றைய நிலையையும் சட்டமன்ற இணையதளத்தில் வெளியிட்டு வாரந்தோறும் புதுப்பிக்கலாம், தாமதத்தை நீதிமன்றத்தில் நிறுவுவதற்கு முதலில் தேவைப்படுவது அந்தத் தேதிகள்தான்.