அமெரிக்கா பார்த்த அம்மாக்கள்

கேள்வி: கல்லூரியில் அமெரிக்கப் பண்பாடு பாடம் எடுக்கிறேன். வெளியாட்களைப் பேச அழைக்கலாமா? யாரை அழைப்பது?
– ஆசிரியை, திருப்பரங்குன்றம்

பதில்: தாராளமாக அழையுங்கள், பொன்னாடையும் ஒரு மணி நேரச் சொற்பொழிவும் மட்டும் வேண்டாம். என் ஓட்டு, மகளின் பிரசவத்துக்காக நியூஜெர்சி போய்வந்த கே.கே.நகர் அம்மாக்களுக்குத்தான், வாசல் நடைபாதையில் விழுந்த பனியை வீட்டுக்காரரே அள்ளிப்போட வேண்டும், பல ஊர்களில் அள்ளாவிட்டால் அபராதம் என்று அவர்கள் சொன்னால் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள். அப்புறம், டெக்சாஸில் வேலை பார்த்துத் திரும்பிய ஐடி ஆள் ஒருவர், அங்கே பனிக்கதை எடுபடாது. 1834-லேயே அமெரிக்க மிஷனரிகள் வந்த ஊர் மதுரை, அந்த வரலாறு தெரிந்தவரையும் பிடியுங்கள். ஆளுக்கு இருபது நிமிடம் போதும். மாணவர்களின் கேள்விகளை முந்தின நாளே எழுதி வாங்கிவிடுங்கள், இல்லையென்றால் "சம்பளம் எவ்வளவு சார்?" மட்டும்தான் வரும்.