அமெரிக்கக் கல்லூரிகளில் இதழியல் மாணவர்களுக்கு 'ஹானர் சொசைட்டி' எதற்கு?

ஹானர் சொசைட்டி என்றால் சிறந்த மாணவர்களைக் கௌரவிக்கும் சங்கம். பேர்தான் ஒன்று, சங்கத்துக்குச் சங்கம் வேலை வேறு.

கப்பா டாவ் ஆல்ஃபா முழுக்க மதிப்பெண் சார்ந்தது. 1910-ல் மிசௌரி பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. இதழியல், ஊடகப் படிப்பில் முதல் 10 சதவீதத்துக்குள் வருபவர்களுக்குத்தான் அழைப்பு. சேர்ந்த பிறகு பெரிதாக வேலை எதுவும் இல்லை, ரெஸ்யூமேயில் ஒரு வரி கூடும்.

சொசைட்டி ஃபார் காலேஜியேட் ஜர்னலிஸ்ட்ஸ் வேறு ரகம். பழைய இரண்டு சங்கங்கள் 1975-ல் இணைந்து உருவானது. கல்லூரிப் பத்திரிகையிலோ வானொலியிலோ உழைத்தவர்களுக்கு உரியது, இதழியல்தான் படித்திருக்க வேண்டும் என்றில்லை. வேதியியல் படித்துக்கொண்டே ராத்திரியில் கல்லூரிப் பத்திரிகைக்குப் பக்கம் வடிவமைக்கிற மாணவருக்கு வேறு யார் மரியாதை செய்வார்கள்? தேசிய அளவில் போட்டியும் நடத்துகிறார்கள். எனக்கு இதுதான் உருப்படியான ஏற்பாடாகத் தெரிகிறது. சின்னக் கல்லூரிகளில் செய்தி எழுதுபவரைத் தட்டிக்கொடுக்க ஆளே இருக்காது.

அப்புறம் சிக்மா டெல்டா கை. 1909-ல் டிபா பல்கலைக்கழக மாணவர்கள் தொடங்கியது. 1969 வரை பெண்களைச் சேர்க்கவே இல்லை! அதுதான் இன்று பத்திரிகையாளர் நெறிமுறைகளுக்குப் பேர்போன சொசைட்டி ஆஃப் புரொஃபஷனல் ஜர்னலிஸ்ட்ஸ்.