வெயிலை மொட்டை மாடியிலேயே நிறுத்துங்கள்

கேள்வி: சென்னை மடிப்பாக்கத்தில் கடைசி மாடியில் வாடகைக்கு இருக்கிறோம். இரவு பத்து மணிக்கும் மின்விசிறி அனலைத்தான் இறக்குகிறது. கோடையில் மின் கணக்கு 500 யூனிட்டைத் தாண்டிவிடுகிறது. மாடி எங்களுடையது இல்லை என்பதால் சூரிய மின்தகடு போட வழியில்லை. புது ஏசி வாங்குவதா, ஏர் கூலரா?

பதில்: இரண்டும் இப்போது வேண்டாம். ஏர் கூலர் தண்ணீரை ஆவியாக்கித்தான் குளிர்ச்சி தருகிறது. வேலூர், சேலம் போன்ற ஊர்களின் வறண்ட வெயிலுக்கு அது சரி. சென்னையின் புழுக்கத்தில் அறை இன்னும் பிசுபிசுக்கும். புது ஏசியும் அதே சூட்டோடுதான் மல்லுக்கட்ட வேண்டியிருக்கும்.

உங்கள் எதிரி தலைக்கு மேலிருக்கும் கான்கிரீட் தளம். பகலெல்லாம் வாங்கிய வெயிலை அது மெல்ல மெல்லக் கீழே இறக்குகிறது. வெளியே காற்று தணிந்த பிறகும் உங்கள் படுக்கையறை கொதிப்பது அதனால்தான். ஆகவே மாடிக்கு வெள்ளையடியுங்கள். சாம்பல் நிறத் தளம் தன்மேல் விழும் வெயிலில் பெரும்பகுதியை விழுங்கிவிடும். புதிதாக அடித்த வெள்ளைச் சுண்ணாம்பு பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடும். அகமதாபாத் மாநகராட்சி 2017-ல் குடிசைப் பகுதிகளில் இதைச் செய்யத் தொடங்கியது. தெலங்கானா 2023-ல் இதற்கென்றே ஒரு கொள்கையை அறிவித்தது. என் வீட்டு மாடியில் முதலில் பாதிக்கு மட்டும் அடித்துப் பார்த்தேன். மதியம் மூன்று மணிக்கு வெறுங்காலோடு வெள்ளைப் பக்கத்தில் நிற்க முடிந்தது. மறு பக்கத்தில் ஓரடி வைத்ததும் காலை எடுத்துவிட்டேன்.

அடிக்கும் முறையில்தான் பலர் தவறுகிறார்கள். கல் சுண்ணாம்பை அகலமான பாத்திரத்தில் தண்ணீர் விட்டு நீற்றும்போது அது கொதித்துத் தெறிக்கும். கண்ணாடி, கையுறை இல்லாமல் கிட்டே போகாதீர்கள், குழந்தைகளை விடவே விடாதீர்கள். ஓர் இரவு ஊறட்டும். துணியில் வடிகட்டிக் கொஞ்சம் பெவிகால் சேர்த்து, நீர்மோர் பதத்துக்குக் கரையுங்கள். தளத்தைப் பெருக்கிக் கழுவி, ஈரம் இருக்கும்போதே மாலையில் அடிக்க வேண்டும். உச்சி வெயிலில் அடித்தால் சுண்ணாம்பு பிடிப்பதற்குள் காய்ந்து, மறுநாளே பொடியாக உதிரும். கெட்டியாக ஒரே பூச்சு பூசுவதைவிட மெல்லியதாக இரண்டு பூச்சு, ஒன்று நெடுக்காக, ஒன்று குறுக்காக. துணி காயப்போடும் வழியை மட்டும் விட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் காலோடு வெள்ளை வீட்டுக்குள் வரும். செலவு புது ஏசி விலைக்குப் பக்கத்தில்கூட வராது என்பதால் வீட்டு உரிமையாளரிடம் தயங்காமல் கேளுங்கள். விரிசல் இருந்தால் அதை முதலில் அவர் அடைத்துத் தரட்டும்.

அடுத்தது மின்விசிறி. பழைய விசிறி ஏறக்குறைய 75 வாட் எடுக்கும், பி.எல்.டி.சி. (குறைந்த மின்சாரத்தில் ஓடும் மோட்டார் உள்ள) விசிறிக்கு 30 வாட் போதும். நாளுக்கு 15 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதக் கணக்கில் ஒரு விசிறிக்கே 40 யூனிட் மிச்சம், மூன்றுக்கு 120. உங்களுக்கு இது முக்கியம்: 500 யூனிட்டைத் தாண்டிய வீட்டுக்கு, 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளுக்குக் கிடைக்கும் குறைந்த கட்டணமும் போய்விடுகிறது. விசிறியை வாடகை வீட்டில் விட்டுவிட்டுப் போக வேண்டியதில்லை, கழற்றி எடுத்துச் செல்லலாம்.

மேற்கு ஜன்னலுக்கு உள்ளே கனத்த திரை போடுவதில் பலன் குறைவு. கண்ணாடியைத் தாண்டிய வெயில் ஏற்கெனவே அறைக்குள் வந்துவிட்டது. வெளிப்புறம் மூங்கில் தட்டி தொங்கவிடுங்கள். இருக்கும் ஏசியை 26-ல் வைத்து விசிறியையும் மெதுவாக ஓடவிடுங்கள். ஒரு டிகிரி கூட்டினால் சுமார் 6 சதவீத மின்சாரம் குறையும். ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரைச் செடிகளுக்கோ தரை துடைக்கவோ பயன்படுத்தலாம். இன்வெர்ட்டர் பேட்டரியில் மட்டும் ஊற்றாதீர்கள், குழாயின் உலோகத் துகளும் தூசியும் அதில் கலந்திருக்கும்.

மாசி, பங்குனியில் சுண்ணாம்பு அடித்தால் கோடை முழுக்கத் தாங்கும். வடகிழக்குப் பருவமழையில் கரையும். ஆண்டுதோறும் மறுபடி அடிக்க வேண்டும். உங்கள் கட்டடத்தில் மாடி மழைநீர் தொட்டிக்கோ கிணற்றுக்கோ போகிறதென்றால், சுண்ணாம்பு கலந்து வரும் முதல் சில மழைகளின் தண்ணீரை வெளியே திருப்பிவிடுங்கள்.