வேலைக் களைப்பை ஆங்கிலத்தில் சொல்ல "ஐ ஆம் டயர்ட்" மட்டும் போதுமா?

கேள்வி: கிளிநொச்சியில் ஒரு வெளிநாட்டு நிறுவனத்தில் சேர்ந்திருக்கிறேன். மாலையில் மேலதிகாரி நலம் கேட்டால் ஒவ்வொரு நாளும் "ஐ ஆம் டயர்ட்" என்பதுதான் வாயில் வருகிறது. களைப்பை வேறு எப்படியெல்லாம் ஆங்கிலத்தில் சொல்லலாம்?

பதில்:

முகமாலைப் பக்கம் கண்ணிவெடி அகற்றும் அணிகளோடு மொழிபெயர்ப்பாளராக வேலை செய்தேன். தடித்த பாதுகாப்பு அங்கியும் முகத்தை மூடும் கவசமும் அணிந்து, மண்டியிட்டு, மண்வாரியால் மண்ணைச் சிறிது சிறிதாக இழுக்கிற வேலை அது. களைத்த கண்ணோடு அதைச் செய்யக் கூடாது. அதனால், யாருக்கு எந்த மாதிரியான களைப்பு என்பதைப் பொறுப்பாளருக்குச் சரியாகச் சொல்வது என் கடமைகளில் ஒன்றாக இருந்தது. உங்கள் வேலை எதுவானாலும் இந்த வேறுபாடுகள் உதவும்.

முதலில், எல்லாவற்றையும் விட முக்கியமான ஒன்று. "டயர்ட் ஃப்ரம் வொர்க்" என்றால் வேலை செய்ததால் களைத்திருக்கிறேன் என்று பொருள். "டயர்ட் ஆஃப் வொர்க்" என்றால் இந்த வேலையே சலித்துவிட்டது என்று பொருள். நம் ஊரில் "அலுப்பு" என்ற ஒரே சொல் இரண்டையும் தாங்கும். "உடம்பு அலுப்பு" என்றாலும் சரி, "இந்த வேலை அலுத்துவிட்டது" என்றாலும் சரி, கேட்பவர் புரிந்துகொள்வார். ஆங்கிலத்தில் அந்தச் சிறிய இடைச்சொல்தான் முடிவு செய்கிறது. எங்கள் அணியில் ஒரு தம்பி விடுமுறைப் படிவத்தில் "ஐ ஆம் டயர்ட் ஆஃப் திஸ் வொர்க்" என்று எழுதிக் கொடுத்தான். இரண்டு நாள் ஓய்வு கேட்டவனை அழைத்து, வேலையை விடப் போகிறாயா என்று பொறுப்பாளர் கேட்டார். பாவம், அவன் முகம் வெளிறிப்போனது. "சிக் அண்ட் டயர்ட்" என்பதும் இதே குடும்பம்தான். அதில் நோயும் இல்லை, களைப்பும் இல்லை. வெறுத்துப்போய்விட்டது என்ற கோபம்தான் இருக்கிறது. "ஐ ஆம் டயரிங்" என்றும் பலர் சொல்கிறார்கள். களைக்க வைப்பது வேலை, ஆகவே வேலைதான் "டயரிங்". நீங்கள் "டயர்ட்".

மிகவும் களைத்துவிட்டேன் என்பதற்கு "எக்ஸோஸ்டட்" நல்ல சொல். எழுத்தில் உள்ள எச் ஒலிக்காது. "மிக" என்ற பொருள் அதற்குள்ளேயே இருப்பதால் முன்னால் "வெரி" சேர்க்காமல் "அப்சலூட்லி எக்ஸோஸ்டட்" என்பார்கள். மேலதிகாரி, மருத்துவர், கடிதம் என எங்கேயும் இது பொருந்தும். "வோர்ன் அவுட்" அதைவிடச் சற்று இயல்பான பேச்சு. தேய்ந்துபோன செருப்புக்கும் அதைத்தான் சொல்வார்கள். ஓடாய்த் தேய்ந்துபோனேன் என்று நம் தாய்மார் சொல்வதற்குப் பக்கத்தில் வரும்.

"நாக்கர்ட்", "ஷாட்டர்ட்" இரண்டும் பிரித்தானியப் பேச்சு வழக்கு. கிழட்டுக் குதிரைகளை அடிமாடு போல வாங்கிக் கொல்லும் தொழிலாளியின் பெயரிலிருந்து வந்தது முதலாவது. சிலருக்கு அது கொச்சையாகப் படும், எனவே நண்பர்களோடு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். "ஷாட்டர்ட்" என்று ஓர் அமெரிக்கரிடம் சொன்னால், துயரச் செய்தி ஏதோ கேட்டு உடைந்துபோயிருக்கிறீர்கள் என்று நினைக்கக் கூடும். அவர்கள் "வைப்ட் அவுட்" என்பார்கள். நாள் முழுக்க நின்றே வேலை செய்தவருக்கு "டெட் ஆன் மை ஃபீட்" இருக்கிறது.

ஆனால் நம்மவர்கள் களைப்பு என்று சொல்லும்போது பெரும்பாலும் சொல்ல வருவது வலியைத்தான். நாரி உளைவு, கால் உளைவு என்று இடம் சுட்டிச் சொல்லும் வழக்கம் நமக்கு உண்டு. அதை "டயர்ட்" என்று மொழிபெயர்த்தால் பாதி செய்தி தொலைந்துவிடும். நாரிக்கு "மை லோவர் பேக் இஸ் ஏக்கிங்", உடம்பெல்லாம் என்றால் "ஐ ஆம் ஏக்கிங் ஆல் ஓவர்" என்று சொல்லுங்கள். அப்போதுதான் கேட்பவருக்கு வேலையை மாற்றித் தரலாம் என்ற எண்ணமாவது வரும்.

இன்னொன்றைக் கண்டிப்பாகக் கற்றுக்கொள்ளுங்கள். சோளகக் காற்று அனலாய் வீசும் ஒரு மத்தியானம். ஓய்வுக் கொட்டிலுக்கு வந்த தங்கச்சி ஒருத்தி முகக் கவசத்தைக் கழற்றினாள். நெற்றியில் பட்டி அழுத்திய சிவந்த கோடு, அதன் மேலே வியர்வை வழிகிறது, தண்ணீர்ப் போத்தலின் மூடியைத் திருகக் கை ஒத்துழைக்கவில்லை. பொறுப்பாளர் கேட்டதற்கு "டயர்ட்" என்றாள். என் பக்கம் திரும்பி, "அக்கா, தலை சுற்றுகிறது, கண் இருட்டுகிறது" என்றாள். நான் அதை "ஷீ ஃபீல்ஸ் டிஸி, ஷீ மைட் ஃபெயின்ட்" என்று சொன்னதும் மருத்துவ உதவியாளர் ஓடி வந்தார். தலைச்சுற்றல், குமட்டல், தலைவலி, கடும் வியர்வை எல்லாம் சேர்ந்தால் அது வெப்பத்தால் உடல் தளரும் நிலையாக இருக்கலாம். குளிர்விக்காமல் விட்டால் உயிருக்கே ஆபத்தாக மாறும். அந்த நேரத்தில் "டயர்ட்" என்ற சொல்லையே எடுக்காதீர்கள்.

உடம்பு நன்றாக இருந்தும் மனம் வற்றிப்போகிற நாட்களும் உண்டு. காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் 2017 பெப்ரவரி 20 அன்று கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் போராட்டத்தைத் தொடங்கினார்கள். அந்தத் தாய்மாரின் கதைகளை வெளியூர்க்காரர்களுக்காகக் கேட்டு மொழிபெயர்த்த மாலைகளில் நான் ஒரு கல்லைக்கூடத் தூக்கியதில்லை. ஆனாலும் வீட்டுக்கு வந்து ஒரு சொல் பேச முடியாது. அதற்கு "இமோஷனலி டிரெய்ன்ட்" என்பதுதான் பொருத்தமான சொல்.

"பேர்ன்ட் அவுட்" என்பதை மட்டும் ஒரு நாள் களைப்புக்குச் செலவழிக்க வேண்டாம். அமெரிக்க உளவியலாளர் ஹெர்பர்ட் ஃபிராய்டன்பெர்கர் 1974 இல் இதைப் பற்றி எழுதினார். உலக சுகாதார நிறுவனம் 2019 இல் இதை நோயாக அல்லாமல், வேலையோடு தொடர்புடைய நிலையாக வகைப்படுத்தியது. சக்தி தீர்ந்துபோவது, வேலையில் மனம் ஒட்டாமலோ கசந்தோ போவது, வேலைத் திறன் குறைவது ஆகிய மூன்றும் அதன் அடையாளங்கள். தீராத நெடுநாள் வேலை அழுத்தத்தால் வருவது அது. ஒரு நாள் நித்திரை கொண்டெழுந்தால் போய்விடாது. உங்கள் நிலை உண்மையாகவே அதுவென்றால் தயங்காமல் அந்தச் சொல்லைச் சொல்லி உதவி கேளுங்கள்.

நாளை மாலை மேலதிகாரி நலம் கேட்டால், சாதாரண நாளாக இருந்தால் "இட்ஸ் பீன் எ லாங் டே" என்று சிரித்துக்கொண்டு சொல்லிவிட்டுப் புறப்படலாம். உண்மையாகவே முடியவில்லை என்றால், "ஐ ஆம் எக்ஸோஸ்டட், ஐ நீட் டுமாரோ ஆஃப்" என்று ஓய்வையும் சேர்த்தே கேளுங்கள். "டயர்ட்" என்று சொல்லிவிட்டு நிறுத்தினால், லீவு வேண்டும் என்பது அவருக்கு எப்படித் தெரியும்?